எல்லாரும் வீடு திரும்பியாச்சு

வெண்டல் ரௌட்டியோ கட்டிய இணையதளத்தைத் திட்டாமல் மார்லிஸ் கொஸ்கெலாவுக்கு ஒரு நாளும் முழுதாகப் போனதில்லை. மிச்சிகனில் உள்ள வடகரை ஸ்கீ சங்கத்தின் தளத்தை இரண்டு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். அதற்கு முன்னால் பதினான்கு வருடம் வெண்டல் பார்த்துக்கொண்டார். மனிதர் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இணையதளம் கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகம் வாங்கிப் படித்துத் தானே கட்டினார். அந்தப் புத்தகத்தில் அவர் முதல் பாதியை மட்டும்தான் படித்தார் என்பது மார்லிஸின் கட்சி.

தளத்தில் ஒட்டவைக்கும் சின்ன நிரலான ப்ளகின் எது கண்ணில் பட்டாலும் போட்டுப் பார்ப்பார் வெண்டல். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடுவார். ப்ளகின் போய்விடும், ஆனால் அது டேட்டாபேஸ் என்னும் தகவல் கிடங்கில் போட்டுவைத்த அட்டவணைகள் அப்படியே கிடக்கும். குடியிருந்தவன் வீட்டைக் காலி செய்யும்போது கட்டிலையும் ஓட்டை வாளியையும் பழைய செருப்பையும் விட்டுவிட்டுப் போனது போல. இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர் குடியிருந்து போன வீடு அது. முதல் பக்கம் திறக்கவே ஒன்பது விநாடி ஆனது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பனிப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கத் தொடங்குவார்கள். போன வருடம் அந்த நிமிடத்தில் முந்நூறு பேர் ஒன்றாக நுழைந்ததில் தளம் குப்புற விழுந்து, மதியம் வரை எழுந்திருக்கவில்லை. இந்த வருடமும் அப்படி ஆனால் ஊரில் தலைகாட்ட முடியாது. அதனால்தான் சனிக்கிழமையும் அதுவுமாக மார்லிஸ் துடைப்பத்தை எடுத்தாள். செய்ய வேண்டியதை ஆறு வரியாக ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். மூன்றாவது வரி, வெண்டல் எப்போதோ போட்டு எப்போதோ எடுத்த சுற்றுலாத் திட்ட ப்ளகினின் மிச்சம்: முப்பத்தொரு அட்டவணை. ஆறாவது வரி, சர்வரில் மலையாகக் குவிந்திருக்கும் பழைய வருகைப் பதிவுகள்.

ஜனவரியிலேயே சங்கத்து ஆட்களுக்கு மூன்று பக்க அறிக்கை ஒன்று அனுப்பியிருந்தாள். வெண்டலின் வேலையில் இருக்கும் ஓட்டைகள், ஒன்று விடாமல். வெண்டலும் அந்த மெயில் பட்டியலில் இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினாள். அதில் நாலாவது குற்றச்சாட்டுதான் அவளுக்குப் பிடித்தமானது. பனித்தடத்தில் போகிறவர்கள் நிரப்பும் படிவம், எழுதியதையெல்லாம் உறையில் போட்டு அனுப்பாமல் அஞ்சலட்டையில் எழுதியது மாதிரி இணைய முகவரியின் வாலில் கட்டித் தொங்கவிட்டு அனுப்புகிறது, போகிற வழியெல்லாம் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், சின்னப் பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்று எழுதியிருந்தாள். வெண்டல் ஒரே வரியில் பதில் போட்டார். "எல்லாம் சரி. நாலாவது ரொம்பச் சரி."

அந்தப் படிவம் மட்டும்தான் அவர் ப்ளகின் எதுவும் இல்லாமல் சொந்தமாக எழுதியது. தடத்தில் இறங்குமுன் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று, போனில் பெயர், எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுத வேண்டும். திரும்பி வந்ததும் "வந்துட்டேன்" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். உள்ளே நாற்பது மைல் காடு, சிக்னல் கிடையாது. ஏரியிலிருந்து பனி கிளம்பி வந்தால் தன் கையே தனக்குத் தெரியாது. மீட்புக் குழு நம்பியிருப்பது அந்தப் பட்டியல் ஒன்றைத்தான். பட்டியலில் யாரும் இல்லையென்றால் பக்கத்தில் ஒரு வரி வரும்: "எல்லாரும் வீடு திரும்பியாச்சு. காபி சூடா இருக்கு." வெண்டலின் நகைச்சுவை அது. மார்லிஸுக்கு அதுவும் பிடிக்காது.

காலை எட்டு நாற்பதுக்கு முழு டேட்டாபேஸையும் பேக்கப் எடுத்தாள். பேக்கப் எடுக்காமல் கை வைக்கிற ஜாதி இல்லை அவள். எடுத்து முடித்துக் காபியைக் கையில் எடுத்தபோது ஜன்னலுக்கு வெளியே கவுண்டி நிர்வாகத்தின் பனி வழிக்கும் வண்டி உறுமிக்கொண்டு போனது. போகிற போக்கில் தெருப் பனியையெல்லாம் வழித்து, அவளுடைய கார் மேலும் அவள் வீட்டுக்குக் கீழே இருக்கும் இரும்புக்கடை வாசலிலும் இடுப்பளவுக்குச் சுவர் வைத்துவிட்டுப் போனது. கடைக்காரருக்கு முதுகுவலி. இறங்கிப் போய் வாரினாள். வாரி முடித்ததும், பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது, வந்ததுதான் வந்தாய் ஒரு பார்வை பாரேன் என்றார். பார்த்தாள். மாடியேறி வந்து உட்கார்ந்தபோது மணி பதினொன்று பத்து.

காபி ஆறிப்போயிருந்தது. பேக்கப்பும் ஆறிப்போயிருந்தது, அதை அவள் நினைக்கவில்லை.

முதல் இரண்டு வரி வேலையை முடித்துத் தாளில் கோடிட்டு அடித்தாள். மூன்றாவதுக்கு வந்தாள். அந்தச் சுற்றுலா ப்ளகின் தன் அட்டவணைகளுக்கெல்லாம் டி, ஆர், பிறகு ஒரு கீழ்க்கோடு என்று தொடங்கும்படி பெயர் வைத்திருந்தது. அப்படித் தொடங்குவதையெல்லாம் எடு என்று கட்டளை எழுதினாள். முப்பத்திரண்டு என்று வந்தது. தாளில் முப்பத்தொன்று என்றுதான் எழுதியிருந்தாள். நேற்று எண்ணியதில் ஒன்றை விட்டிருப்போம் என்று நினைத்து அழித்தாள்.

முதல் பக்கம் ஒன்றே முக்கால் விநாடியில் திறந்தது. அவளுக்கு வாயெல்லாம் பல். சங்கத்து ஆட்களுக்கு உடனே ஒரு செய்தி தட்டிவிட்டாள்: "வெண்டல் குப்பை பாதி கழிந்தது." மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி ஒன்றைச் சூடு பண்ணிச் சாப்பிட்டாள், மீதி வரிகளைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று சோபாவில் சாய்ந்தாள். வெளியே பனி பொழியத் தொடங்கி, சற்று நேரத்தில் எதிர்வீடு மறைந்தது.

ஒன்று ஐம்பதுக்குப் போன் அடித்தது. டேல் ட்ரெவாரோ. வாரநாளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், குளிர்காலம் முழுக்க மீட்புக் குழுவுக்குத் தலைவர்.

"மார்லிஸ், உன் சைட் ஒழுங்கா ஓடுதா?"

"ஓடுதாவா? பறக்குது. காலைல ஒன்பது செகண்டா இருந்தத..."

"பறக்கட்டும்மா. தடத்துல யாரெல்லாம் இருக்காங்கன்னு கொஞ்சம் பாரு. எனக்கு எல்லாரும் வீடு திரும்பியாச்சுங்குது."

"அப்ப திரும்பியிருப்பாங்க."

"வெண்டல் திரும்பல. பன்னெண்டரைக்கு வரேன்னு ஆர்டிஸ்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கார். வண்டி இங்க பேர்ச் பார்க்கிங்ல நிக்குது, மேல ஒரு சாண் பனி. ஆர்டிஸ் என் பக்கத்துலதான் நிக்கிறாங்க."

ஆர்டிஸ் வெண்டலின் மனைவி. தேவாலயப் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்றாலும் முன்வரிசைக்குக் கேட்கும் குரல். அது போனில் தெளிவாகவே கேட்டது.

"பன்னெண்டே முக்காலுக்கே பாத்தேன்னு சொல்லு அவகிட்ட. எல்லாரும் வீடு திரும்பியாச்சுன்னு போட்டிருந்துச்சு. சரி, மனுஷன் வெளிய வந்துட்டார், எங்கியோ நின்னு வாயளக்கிறார்னு நெனச்சு சூப்ப அடுப்புல வச்சேன். ஒரு மணி நேரம் சூப்பக் கிண்டிட்டிருந்திருக்கேன்."

"எங்க போறேன்னு உங்ககிட்ட சொல்லலையா அவர்?" என்று மார்லிஸ் கேட்டாள்.

"மணி மட்டும் சொல்வார், எந்தத் தடம்னு எங்கிட்ட சொல்றத விட்டு வருஷக்கணக்காச்சு. அந்த ஃபாரத்துல எழுதுவார், நான் அதுல பாத்துப்பேன். எங்க குடும்பம் அப்படித்தான் ஓடுது."

மார்லிஸ் டேட்டாபேஸைத் திறந்தாள். ஆட்கள் பெயர் இருக்கும் அட்டவணையைத் தேடினாள். இல்லை. பெயரை மறுபடி அடித்துத் தேடினாள். இல்லவே இல்லை. அதன் பெயர் "டிரெயில்ஸ்" என்று தொடங்கும். டி, ஆர், ஏ.

டேட்டாபேஸ் மொழியில் தேடும்போது கீழ்க்கோடு என்பது கீழ்க்கோடு அல்ல. "இந்த இடத்தில் எந்த எழுத்து வேண்டுமானாலும் இருக்கலாம்" என்று அர்த்தம். நிஜமான கீழ்க்கோடு வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு சாய்கோடு போட வேண்டும். இது அவளுக்குத் தெரியாததல்ல. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே சொல்லித் தந்திருக்கிறாள், சிரித்துக்கொண்டே. முப்பத்திரண்டாவது அட்டவணை எது என்று இப்போது புரிந்தது. அட்டவணை இல்லாத இடத்தில் வெண்டலின் நிரல் ஒரு முனகல்கூட இல்லாமல், யாரும் இல்லை, ஆகவே எல்லாரும் வீடு திரும்பியாச்சு என்று காபியும் கையுமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஒரு நிமிஷம் டேல், பக்கம் கொஞ்சம் மாட்டிக்கிச்சு. சரி பண்றேன்."

பேக்கப்பிலிருந்து அந்த ஒரு அட்டவணையை மட்டும் பிடுங்கி மறுபடி நட்டாள். அவசரத்தில் கட்டளையை மூன்று முறை தப்பாக அடித்தாள்.

"ஆங், இப்ப வருது," என்றார் டேல். "ரெண்டு பேர் இருக்காங்க. அட, இந்த ரெண்டு பொண்ணுங்களும் என் எதிர்ல உக்காந்து கோக்கோ குடிச்சிட்டிருக்காங்க. வந்துட்டேன் பொத்தான அப்பவே அமுக்கியாச்சுன்னு சொல்றாங்க. வெண்டல் பேரு இல்ல."

மார்லிஸ் வாயைத் திறந்தாள்.

"எழுதாமலே போயிட்டார் போல," என்றார் டேல்.

"அவராவது எழுதாம போறதாவது," என்றது ஆர்டிஸின் குரல்.

"எழுபத்தொண்ணு ஆகுது ஆர்டிஸ். மறந்திருப்பார். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்குச்சு. சரி, வண்டி நிக்கிறது பேர்ச்ல. இங்கேர்ந்து முக்கால்வாசிப் பேர் போறது பேர்ச் வளையங்கற தடத்துல. அதுலயே தொடங்கறோம். தேங்க்ஸ் மார்லிஸ்."

போன் அணைந்தது. மணி இரண்டு ஏழு.

பேக்கப் எட்டு நாற்பதுக்கு எடுத்தது. அழித்தது பதினொன்று பத்துக்குப் பிறகு. இடையில் இரண்டரை மணி நேரம் அந்தப் படிவத்தில் எழுதியவர்கள் பெயர் எந்தப் பிரதியிலும் இல்லை. வெண்டல் எழுதியிருப்பார். அது அவர் கட்டிய படிவம். இறந்தாலும் எழுதிவிட்டுத்தான் இறப்பார். அவர் எழுதியதைத் தான் அழித்துவிட்டு, அவருக்கு மறதி வந்துவிட்டது என்று ஒருவர் சொல்ல, அதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். உடனே திருப்பிக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை.

முதலில் கண்டுபிடித்துவிடுவோம், கையில் விடையோடு கூப்பிடுவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நல்ல சப்பைக்கட்டு அது. உண்மை என்னவென்றால், ஊரே பார்க்கத் தான் மட்டம் தட்டி எழுதிய மனிதரைத் தானே தொலைத்துவிட்டோம் என்று அந்த மனிதரின் மனைவி காதுபட எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. டேட்டாபேஸ் தன் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் ஒரு நாட்குறிப்பு உண்டு, அதைத் தேடினாள். இடம் அடைக்கிறது என்று சர்வர்காரர்கள் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். படிவம் யாருக்காவது மெயில் அனுப்புகிறதா என்று பார்த்தாள். அனுப்பவில்லை. ஜன்னல் கண்ணாடியில் பனி அப்பிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தூரத்தில் மீட்புக் குழுவின் பனி வண்டிகளான ஸ்னோமொபைல்கள் கிளம்பும் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. இங்கிருந்து கேட்க வழியே இல்லை.

இரண்டு பதினெட்டுக்குப் போனை எடுத்தாள்.

"டேல், அந்த லிஸ்ட்ட நம்பாதீங்க."

"என்ன சொல்ற?"

"காலைல பழைய குப்பையெல்லாம் அழிச்சிட்டிருந்தேன். தப்பா இந்த லிஸ்ட் இருக்கற டேபிளையும் சேத்து அழிச்சிட்டேன். இப்ப நீங்க பாக்கறது எட்டு நாப்பதுல எடுத்த காப்பி. அதுக்கப்புறம் யார் எழுதியிருந்தாலும் அதுல இருக்காது. வெண்டல் எழுதியிருப்பார். மறந்திருக்க மாட்டார். நான்தான் அழிச்சேன்."

டேல் வரைபடத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப அவர் நாப்பது மைல்ல எங்க வேணா இருக்கலாம்."

"ஆமா."

"ரெண்டு வண்டி பேர்ச் வளையத்துல ஏறிப் போயிட்டிருக்கு. இத மொதல்லயே சொல்லியிருந்தா..." அவர் முடிக்கவில்லை. ரேடியோவில் யாரையோ கூப்பிட்டார். நில்லுங்கள், மேலே போகாதீர்கள் என்றார். அதற்குள் போன் கைமாறியது.

"மார்லிஸ்." ஆர்டிஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நீயா அழிச்ச?"

"ஆமா, ஆர்டிஸ்."

"வெண்டல் குப்பைன்னு எழுதியிருந்தியே, அதுல சேத்தியா இதுவும்?"

மார்லிஸ் அனுப்பிய அந்தச் செய்தி திரையில் இன்னும் திறந்தே கிடந்தது.

"ஜனவரில நீ அனுப்பின லெட்டர பிரிண்ட் போட்டு மேஜை மேல வச்சிருக்கார் மனுஷன். தினமும் எடுத்துப் படிக்கிறார். கோவமே படல. சரியாத்தான் சொல்றா, கெட்டிக்காரிங்கறார். சரி சொல்லு, கெட்டிக்காரி. உன் லிஸ்ட்டுல இன்னும் என்ன பாக்கி இருக்கு அழிக்க?"

குத்துவதற்குத்தான் கேட்டாள். ஆனால் மார்லிஸின் கண் தானாகத் தாளுக்குப் போனது. மூன்று வரி அடிக்கப்பட்டிருந்தது. மூன்று பாக்கி. கடைசி வரி: பழைய வருகைப் பதிவுகள்.

சர்வருக்கு யார் வந்தாலும், எந்த முகவரியைக் கேட்டாலும் அது ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். முகவரியை வாலோடு எழுதிக்கொள்ளும். உறைக்குள் வைத்து அனுப்பியிருந்தால் உள்ளே என்ன இருந்தது என்று சர்வருக்குத் தெரிந்திருக்காது. அஞ்சலட்டை என்பதால் தெரியும். நாலாவது ரொம்பச் சரி.

"ஆர்டிஸ், போன வைக்காதீங்க. அப்படியே இருங்க."

பதிவுகளைத் திறந்தாள். இன்றைய கோப்பு இருந்தது. காலை ஒன்பது மணி வரிகளில் படிவத்தின் பெயரைத் தேடினாள். ஒன்றுமில்லை. பத்து மணியில் தேடினாள். ஒன்றுமில்லை. ஒருவேளை அவர் எழுதவே இல்லையோ என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அப்படி இருந்தால் தன் மேல் பழி இல்லை என்ற ஒரு ஆறுதலும் கூடவே எட்டிப் பார்த்தது. அந்த ஆறுதலை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பிறகுதான் கடைசி வரியின் நேரத்தைப் பார்த்தாள். இரவு ஏழு இருபத்திரண்டு என்று இருந்தது. இப்போது மதியம் இரண்டு இருபத்திரண்டு. சர்வருக்கு மிச்சிகன் நேரம் தெரியாது. கிரீன்விச் நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தது, ஐந்து மணி நேரம் முன்னால். ஒன்பதோடு ஐந்தைக் கூட்டினாள். மதியம் இரண்டு மணி வரிகளில் தேடினாள்.

ஒரே ஒரு வரி வந்தது. நீளமான வரி. முகவரி, அதன் வாலில் கேள்விக்குறி, பிறகு சொற்களுக்கு நடுவே இடைவெளிக்குப் பதிலாகக் கூட்டல் குறிகள்.

"ஒன்பது இருவத்தாறுக்கு எழுதியிருக்கார்," என்றாள். "வெண்டல் ரௌட்டியோ. ஆறாம் சுரங்கத் தடம். போறது பேர்ச் பார்க்கிங்லேர்ந்து, திரும்பறது பழைய ரயில் பாதை வழியா. பன்னெண்டரை. கீழ குறிப்புன்னு ஒண்ணு இருக்கு."

"என்ன குறிப்பு?"

"ஆர்டிஸ், சூப்புல உப்பு கம்மியாப் போடு."

போன் டேலிடம் போனது. ஆறாம் சுரங்கம் பேர்ச் வளையத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், ஏழு மைல். டேல் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். "வைக்கிறேன்," என்றார்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. பார்க்கிங் போகும் சாலையை மூடிவிட்டார்கள். மார்லிஸ் அந்த வரியைப் பார்த்து அட்டவணையில் தன் கையால் ஏற்றினாள். பக்கத்தைப் புதுப்பித்தாள். தடத்தில் இருப்பவர்கள்: வெண்டல் ரௌட்டியோ. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணி ஆனது. நாலு ஆனது. கீழே இரும்புக்கடைக்காரர் ஒரு முறை மேலே வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்த வேலையைச் சொல்லாமலே இறங்கிப் போனார். தன் அறிக்கையைக் கோபப்படாமல் தினமும் எடுத்துப் படித்த ஒரு மனிதரை நினைத்து அவள் அழுதாள். திட்டுவதற்கு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அப்போதுதான் தெரிந்தது.

நாலு ஐம்பத்திரண்டுக்குப் பக்கத்தைப் புதுப்பித்தபோது பெயர் மறைந்திருந்தது. "எல்லாரும் வீடு திரும்பியாச்சு. காபி சூடா இருக்கு."

அவள் அதை நம்பவில்லை. போனை எடுத்து டேலைக் கூப்பிட்டாள்.

"ஆர்டிஸ்தான் பொத்தான அமுக்கினாங்க," என்றார் டேல். "ஆள் உயிரோட இருக்கார். சுரங்கத்துக்குக் கீழ சரிவுல விழுந்து கால் ஒடஞ்சிருக்கு. ஒரு ஸ்கீய மண்வெட்டியாக்கிப் பனியக் குடைஞ்சு உள்ள உக்காந்துட்டார். இடது கால் விரல் ரெண்டு போயிடும்ங்கறாங்க. இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தா..." இதையும் அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மார்லிஸின் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எதையாவது உடைத்துவிட்டால், எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று நிமிடக் கணக்கில் எழுதி எல்லாருக்கும் படித்துக் காட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்துச் சங்கத்துக் குடிலில் கூட்டம் போட்டபோது அவள் அதைப் படித்தாள். வெண்டல் ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆர்டிஸ், கோட்டைக்கூடக் கழற்றாமல்.

எட்டு நாற்பது, பேக்கப். பதினொன்று பத்து, புது பேக்கப் எடுக்காமல் அழிக்கத் தொடங்கியது. முப்பத்தொன்றுக்குப் பதில் முப்பத்திரண்டு வந்தும் நிற்காதது. இரண்டு ஏழு, பட்டியலில் ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்தது. இரண்டு பதினெட்டு, டேலிடம் சொன்னது.

டேல் தலை நிமிர்ந்தார். "அன்னிக்கு நான் கவனிக்கல. நடுவுல பதினோரு நிமிஷம் இருக்கே. அப்ப என்ன பண்ணிட்டிருந்த?"

இரண்டு ஏழு என்ற அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அது எந்தப் பதிவிலும் இல்லை.

"பயந்துட்டிருந்தேன்," என்றாள் மார்லிஸ்.

அடுப்பில் விறகு சரிந்தது. ஆர்டிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கல் மாதிரி. வெண்டல்தான் தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒண்ணு சொல்லணும். டேபிளே இல்லாட்டியும் அந்தப் பக்கம் எல்லாரும் வீடு திரும்பியாச்சுன்னுதான் காட்டும். அது எனக்குத் தெரியும். முன்ன ஒரு தடவ சர்வர் படுத்துச்சு, அன்னிக்கே பாத்தேன். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன். நீ எழுதின மூணு பக்கத்துல எங்கியாவது அத எழுதியிருப்பியோன்னு தினமும் எடுத்துப் பாப்பேன். நீ கண்டுபிடிக்கல. நானும் வாயத் தெறக்கல. உன்னோடது பதினோரு நிமிஷம். என்னோடது ஒன்பது வருஷம்."

மார்லிஸ் படித்த தாளை மடித்து வைத்தாள். மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இப்பவே மாத்திடலாம்," என்றாள்.

"மொதல்ல பேக்கப்."

"எடுத்துட்டேன்."

"எப்ப?"

அவள் மறுபடி எடுத்தாள். பிறகு நிரலில் "எல்லாரும் வீடு திரும்பியாச்சு" என்ற வரி இருக்கும் இடத்துக்குப் போனார்கள். அட்டவணையைப் படிக்க முடியாவிட்டால் பக்கம் என்ன சொல்ல வேண்டும் என்று வெண்டல் யோசித்தார். தொழில்நுட்பக் கோளாறு காரணமாகப் பட்டியல் தற்காலிகமாக, என்று தொடங்கினார். மார்லிஸ் தலையாட்டி, இல்லை, தரவு கிடைக்கவில்லை என்று போடலாம் என்றாள். இருவரும் மாற்றி மாற்றி நாலைந்து வாக்கியம் சொல்லிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீளமாக இருந்தது.

ஆர்டிஸ் எழுந்து கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டே சொன்னாள், இருவரில் யாரையும் பார்க்காமல்.

"தெரியலன்னு போடுங்க. அதச் சொல்றதுக்கு ரெண்டு பேருக்கும் எத்தன வருஷமாகுது."

மார்லிஸ் அதையே அடித்தாள்.